லெனாட்டின் படம்

மானிப்பாயில் தான் வேலை செய்யும் சின்ன அச்சகத்தில் கலியாண அழைப்பிதழ் ஒன்றுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெசிதாவுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. கொழும்பிலிருந்து, ஆங்கிலத்தில், நாலே நாலு வரி. உங்கள் இணையத்தளம் இருந்த சேர்வர் பழுதாகிவிட்டது, கோப்புகளை மீட்க முடியவில்லை, பிரதிகளும் அதே இயந்திரத்தில் இருந்ததால் அவையும் போய்விட்டன, வருந்துகிறோம். இரண்டு தரம் வாசித்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் விடுபட்டிருந்த புள்ளியைப் போட்டாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு அச்சகத்தின் பின்வாசலுக்குப் போனாள்.

அழைப்பை எடுத்த சுபாங்கன், மின்னஞ்சல் அனுப்பிய கொம்பனியின் தொழில்நுட்பக்காரர். சத்தம் போடத் தயாராக இருந்தவளுக்கு அவருடைய குரலைக் கேட்டதும் சத்தம் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பாரோ, தொண்டை கட்டியிருந்தது.

“அக்கா, உங்களிட்டை ஒரு கொப்பி இருக்கும்தானே?”

“இருந்தது. அந்த லப்டொப் போன வருசம் செத்துப்போச்சு.”



‘கரைக்கு வராதவர்கள்’ என்பது தளத்தின் பெயர். குருநகரிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத நாற்பத்திமூன்று பேர் அதில் இருந்தார்கள். முதல் பக்கம் ஜெசிதாவின் தகப்பனுக்கு. பதினொரு வருடங்களுக்கு முன் வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு படம் வாங்கிப் பிரதி எடுத்து, வீட்டார் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டிருந்தாள். கணவாய்க் கறியில் உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுகிற ஒருவர். வலை பொத்தும்போது மட்டும் பாட்டுப் படிக்கிற இன்னொருவர். படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லா வீட்டிலும் ஒரே வசனத்தைச் சொன்னாள்: “இனி இது அழியாது. நீங்கள் எங்கை இடம்பெயர்ந்தாலும் இன்ரநெற்றிலை கிடக்கும்.” அல்பங்களை விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு ஓடிய சனம் அது. அந்த வசனத்தைக் கோயிலில் கேட்ட வசனம்போல நம்பினார்கள்.

உலகத்து இணையப் பக்கங்களையெல்லாம் பிரதி எடுத்து வைக்கிற வெளிநாட்டுக் காப்பகம் ஒன்று, ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவளுடைய தளத்தையும் எடுத்து வைத்திருந்தது. எழுத்து முழுவதும் அங்கே கிடைத்தது. படங்கள் இருந்த இடங்களில் வெறும் பெட்டிகள். தகப்பனுடைய பெட்டியை ஐந்து நிமிடத்தில் நிரப்பினாள். சுவரில் தொங்கிய படத்தைக் கைபேசியில் பிடித்தாள், முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுபடி வீடுகள் ஏறினாள். போன வீடுகளிலெல்லாம் படம் இருந்தது. சட்டத்துக்குள், வேதாகமத்துக்குள், பிரான்சிலிருக்கும் மகளின் கைபேசியில். தந்த படத்தையே ஏன் திரும்பக் கேட்கிறாய் என்று யாரும் கடிந்துகொள்ளவில்லை. தேத்தண்ணி தந்தார்கள். மூன்று கிழமையில் நாற்பத்திரண்டு பெட்டிகள் நிரம்பின. எல்லாப் பயணத்திலும் அவள் ஓர் ஒழுங்கைக்குள் மட்டும் திரும்பாமல் சைக்கிளைச் சுற்றுப்பாதையில் விட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்துநாயகத்தின் வீடு அந்த ஒழுங்கையில் இருந்தது.

அவருடைய ஒரே மகன் லெனாட். கடற்றொழில் அனுமதிப் பாஸுக்கென்று பத்தொன்பது வயதில் எடுத்த படம்தான் அவனுக்கு இருந்த ஒரே படம். அடுத்த மாதமே வள்ளம் திரும்பவில்லை. அடையாள அட்டையும் பாஸும் அவனோடு போய்விட, ஸ்ரூடியோக்காரர் கூடுதலாகக் கொடுத்த ஒரு பிரதி மட்டும் வீட்டில் தங்கிற்று. ஸ்ரூடியோ பிறகு இல்லாமலே போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி லூர்த்தம்மா செத்தபோது, சவப்பெட்டியை மூடப்போகும் நேரம் கிறிஸ்துநாயகம் குனிந்து எதையோ அவளுடைய செபமாலைக் கைக்குள் வைத்ததை ஜெசிதா கண்ணால் கண்டவள். அது என்னவென்று அப்போது யோசிக்கவில்லை. மின்னஞ்சல் வந்த அன்றுதான் யோசித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அவர் கோயில் வாசலில் நின்றார்.

“எல்லா வீட்டையும் போறியாம். என்னட்டை வரேல்லை.”

“மாமா...”

“ஆத்துமாக்கள் திருநாள் வருகுது, செத்தவைக்குத் திரி கொழுத்த வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை போனிலை பாத்தன். பெடியன்ரை இடத்திலை ஒண்டுமில்லை.”

“அழிஞ்சு போச்சு மாமா. என்னட்டையும் இல்லை. உங்களிட்டை இருந்த படம்...”

அவர் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக் கழற்றினார். “தாய்க்குத் தனியப் போகப் பயம் பிள்ளை. அதுதான் அவனைக் கூட அனுப்பினனான். நெற்றிலை கிடக்கும், அழியாது எண்டு நீதானே சொன்னனீ.”

அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கேட்டது சந்தேகம் கேட்பதுபோல இருந்தது, தான் அன்றைக்குச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று.

“ஓம் மாமா. நான்தான் சொன்னனான்.”

அவர் தலையாட்டினார். மழை வரும்போலக் கிடக்கு என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த ஞாயிறு அவர் பூசைக்கு வரவில்லை.

அதன் பிறகு ஜெசிதா காப்பகத்தை விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களிலெல்லாம் அச்சகக் கணினியில் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒரு வியாழக்கிழமை, தளம் தொடங்கிய வருடத்து முகப்புப் பக்கம் ஒன்று திறந்தது. அந்தக் காலத்தில் முகப்பில் எல்லா முகங்களையும் சின்னதாக்கி வரிசையாக அடுக்கியிருந்தாள். அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. சில முகங்கள் வந்தன, சில வரவில்லை. இரண்டாம் வரிசையில் லெனாட் வந்தான், பெருவிரல் நகமளவில். பெரிதாக்கினாள். கண்கள் இரண்டு கறுப்புக் கட்டிகளாயின, வாய் ஒரு மண்ணிறக் கோடாயிற்று. சோற்றை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

இதைக் கொண்டுபோவதா, விடுவதா என்று இரண்டு நாள் கிடந்து யோசித்தாள். சனிக்கிழமை பின்னேரம் அந்த ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினாள்.

பெரிதாக்கிய படத்தோடு அவள் நீட்டிய கைபேசியைக் கிறிஸ்துநாயகம் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பிடித்தார்.

“இது ஆர் பிள்ளை?”

“இவ்வளவுதான் மாமா மிச்சம்” என்றாள்.

அவர் அதைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. முழங்கையை மடக்கினார், நீட்டினார், திரும்பவும் மடக்கினார்.

“இந்தா, நீ பிடி. கிட்டத்திலைதான் கலையுது. நெஞ்சுக்கு நேரை பிடி.”

அவள் பிடித்தாள். அவர் ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. கதவு நிலையைக் கையால் தடவிப் படி இறங்கி, முற்றத்து மணலில் பார்வையை எடுக்காமலே பின்பக்கமாக நடந்தார். படலையையும் தாண்டி ஒழுங்கைக்குப் போனார். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துப் பார்த்து, கடைசியில் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே அவர் நின்றார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று இங்கே கேட்கவில்லை. அசையாதே என்பதுபோல ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

ஜெசிதாவின் பக்கத்துக்குத் திரை தெரியவில்லை. அவருடைய முகம்தான் தெரிந்தது. தோள் கடுக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திரை மங்கும், அவர் கழுத்தை முன்னுக்கு நீட்டுவார். அவள் பெருவிரலால் தொட்டு அதை மறுபடி வெளிச்சமாக்குவாள்.