சாயம் இறங்கிய தபால்தலைகள்

கோவிந்தராஜுலுவின் காரியம் முடிந்த மறுநாள்தான் அந்தச் சீட்டு அகப்பட்டது. தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆடி மாதம். ஆர்.எஸ்.புரம் வீட்டில், பிள்ளைகள் தெலுங்கில் 'நாயனா' என்று அழைத்த அவருடைய மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மகன் நரசிம்மலு, சீட்டை வாசித்துவிட்டு அக்கா ரங்கநாயகியை ஏறிட்டுப் பார்த்தான்.

"நாயனாவோட ஸ்டாம்பு ஆல்பம் நாலும், அந்த அட்டைப்பெட்டியும் பொற்கொடிக்குக் குடுத்துரோணுமாம். எழுதி வெச்சிருக்கறாரு."

"எந்தப் பொற்கொடி?" என்றாள் ரங்கநாயகி, தெரியாதவள் மாதிரி.

கோவிந்தராஜுலு மேலாளராக இருந்த நூற்பாலையில் தபால்களைப் பிரிக்கும் பெண் அவள். மதுக்கரைக்காரி. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மெஷின் கம்பெனிகளிலிருந்து வரும் உறைகளின் மூலையை ஸ்டாம்போடு வெட்டி வைத்திருந்து, அவர் ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் கொண்டுவந்து கொடுப்பாள். இரண்டு பேரும் தலை முட்டுகிற மாதிரி மேஜைமேல் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். கணவன் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட ரங்கநாயகி, இரண்டு தம்ளர் காபியை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே போவாள். ஆறு வருஷமாக அதுதான் வழக்கம்.

பதினொரு வயதில் ரங்கநாயகி ஒரு ஸ்டாம்பை நகத்தால் உரிக்கப் போய்க் கிழித்துவிட்டாள். "இனி இதுல கை வெச்சீன்னாப் பாரு" என்றார் நாயனா. அவள் வைக்கவே இல்லை. கதவோரம் நின்று பார்த்ததோடு சரி. பார்த்தே அத்தனையும் தெரிந்துகொண்டாள். அதே மனுஷன் தன் இடுக்கியை எடுத்துப் பொற்கொடி கையில் கொடுத்ததையும் ஒரு சனிக்கிழமை பார்த்தாள். அன்றைக்குப் பற்றிய பொறாமை அணையவே இல்லை.

நரசிம்மலு ஆல்பங்களையும் பெட்டியையும் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டு வாரம் கழித்துப் பொற்கொடியே வீடு தேடி வந்தாள்.

"ஏனுங்க்கா, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலைங்க. வெட்டி வெச்சது பெட்டி நெறையக் கெடக்குது. அய்யா பண்றதைப் பாத்திருப்பீங்கல்ல, ஒருநாள் கூட இருந்து சொல்லித் தந்தீங்கன்னா..."

முடியாது என்று சொல்லத்தான் ரங்கநாயகி வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று வந்தது. அந்த ஆல்பங்கள் இன்னொருத்தி வீட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

மதுக்கரையில் பொற்கொடியின் வீடு சின்னது. துடைத்து வைத்ததுபோல இருந்தது. அவள் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான்கு ஆல்பங்களும் பீரோவுக்குள், வெள்ளைத் துணியில் சுற்றி, நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நாயனா வைத்ததைவிட ஒழுங்காக. குறை கண்டுபிடிக்கலாம் என்று வந்தவளுக்கு அது பொறுக்கவில்லை.

பொற்கொடி அகலமான பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். உறைத் துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டால்தான் ஸ்டாம்பு கிழியாமல் கழன்று வரும். குவியலில் சிவப்புத் துண்டுகள் இருந்தன. கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்த உறைகள். சிவப்பு உறையைத் தனியாகத்தான் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் இறங்கி மற்றதையும் கெடுத்துவிடும். நாயனா நூறு தடவை தனக்குத் தானே முணுமுணுத்ததை ரங்கநாயகி கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுரலாமுங்களாக்கா?"

ரங்கநாயகி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு, "ம்" என்றாள்.

கால் மணி நேரத்தில் தண்ணீர் குங்குமம் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. பொற்கொடி பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் துவாலைமேல் போட்டாள். பனிமலை, ரயில் வண்டி, நீலப் பூக்கள், யாரோ ஒரு ராணி, எல்லாம் ஒரே ரோஸ் நிறத்தில் கிடந்தன. நாற்பதுக்குக் குறையாது.

ரங்கநாயகிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிர்ந்தது.

"கலர் கவரைப் பத்தி அய்யா என்னமோ சொன்னாருங்க்கா. நாந்தான் மறந்துபோட்டேன்" என்றாள் பொற்கொடி. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நம்பிக் குடுத்தாரு, மொத நாளே கெடுத்துப்போட்டேன். நல்லவேளை, நீங்களாவது கூட இருக்கறீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் ரங்கநாயகியைச் சுட்டது.

"நீ மறந்தா என்ன? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

பொற்கொடி நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பில் கையை மெதுவாகத் துடைத்தாள். "ஏனுங்க?"

"உனக்குக் குடுத்தாரு. எனக்குக் குடுக்கலை."

பொற்கொடி சிவந்த தண்ணீரைக் கொல்லையில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தாள். இப்போது அவள் குரலில் அழுகை இல்லை. "அய்யா உங்களைப் பத்திப் பேசுவாருங்க. 'எம்பொண்ணுக்கு இதுல இஷ்டமே இல்லை, காபியை வெச்சுட்டு ஓடிருவா'ம்பாரு. நீங்க ஒருநாளாவது ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்திருக்கலாமுங்க."

"உக்காரச் சொன்னாரா?"

"என்னையும் சொல்லலைங்க. நானா உக்காந்தேன்."

ரங்கநாயகி எழுந்து நின்றாள். தன்னைப் பற்றித் தகப்பன் நினைத்ததைக்கூட இவளிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று புதிதாக ஒரு எரிச்சல் மூண்டது.

"இன்னைக்குப் போயிட்டு வாங்க்கா" என்றாள் பொற்கொடி. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் வாசல் வரைக்கும் வரவில்லை.

ஒரு மாதம் சத்தமே இல்லை. ரங்கநாயகி இரண்டு தடவை நூற்பாலைக்கு போன் போட எண் சுழற்றிவிட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டாள். கடைசியில் பொற்கொடிதான் போனில் கூப்பிட்டாள்.

"மூணாவது ஆல்பத்துல நாட்டுப் பேரெல்லாம் தெலுங்குல எழுதி வெச்சிருக்கறாருங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. வாரீங்களா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "தண்ணியில போடறதை நான் பாத்துக்கறேனுங்க."

"சரி" என்றாள் ரங்கநாயகி.

அந்த ஞாயிறு அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாயனாவின் கோணல் எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, பொற்கொடி தமிழில் குறித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. ஹங்கேரிப் பக்கம் வந்தபோது பொற்கொடிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது.

"இந்த முக்கோண ஸ்டாம்புக்கு அய்யா ஒரு கதை சொல்லுவாருங்க..." என்று தொடங்கியவள், ரங்கநாயகியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. அங்கேயேதான் இருந்தது, முள் மாதிரி. ரங்கநாயகி ஆல்பத்தைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"என்ன கதை?" என்றாள். "விடாம முழுசாச் சொல்லு."