உதடு படாத காபி

கடைவாய்ப் பல்லை அடைத்து ஒரு மாதமாகியும் சூடு பட்டால் சுளீரென்றது. சனியனைப் பிடுங்கி எறியச் சொல்லத்தான், புது விதான சௌதா சர்க்கார் ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சீனிவாசராகவன் கண்டோன்மென்ட்டுக்குப் போனார்.

பல் டாக்டர் நோயல் தட்டிப் பார்த்தார். "பல்லு நல்லாத்தான் இருக்கு சார். கூச்சம் போகப் போக அடங்கிடும். காபி எப்படிக் குடிப்பீங்க?"

அவர் அண்ணாந்து காட்டினார்.

"நேரா அந்தப் பல்லுலயே ஊத்துறீங்களே. கொஞ்சம் ஆறவெச்சு, உதட்டுல வெச்சுக் குடிங்க."

ஐம்பது வயதுவரை அவர் எச்சில் பண்ணிக் குடித்ததில்லை. வீட்டில் மனைவி பாமாவைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சினார். பல் லேசாக முனகியதோடு சரி.

"தேவலையா?"

"தேவலை."

"நான் சமையலுள்ள இருபது வருஷமா இப்படித்தான் குடிக்கறேன்" என்றாள் பாமா, திரும்பாமலே.