மீரா பீவியின் தேக்சா

எங்கள் கடையில் நான் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டு: என் மனைவி மீரா பீவியின் பிரியாணி தேக்சா. டீ ஆற்றும் என் கையில் எந்நேரமும் பாலும் சீனியும் பிசுபிசுக்குமாம். வாய் அகன்ற அந்த அலுமினியப் பாத்திரத்தை அவளே கழுவுவாள், அவளே துடைப்பாள், அவளே கவிழ்த்து வைப்பாள். லேடாங் மலை ஏற வருகிறவர்கள் அடிவாரத்தில் எங்கள் கடையைத் தேடி வருவது அந்தப் பிரியாணிக்காகத்தான், என் டீக்காக அல்ல. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கடைக்குப் பின்னால், ஜம்பு மரத்தடியில், மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு நீல டிரம் வைத்திருந்தோம். மழைக்காலம் தொடங்கியதும் மலையிலிருந்து ஒரு மரத்தவளை அங்கே வந்து சேர்ந்தது. பகலெல்லாம் இலைக்கு அடியில் கைகால் மடக்கி, காய்ந்த சருகின் நிறத்தில் தூங்கும். பொழுது சாய்ந்தால் கட்டையில் தட்டுவது போல டொக் டொக்கென்று பெண் தேடும்.

“தவளை தன் வாயால கெடும்ங்க,” என்றாள் மீரா. “நாளைக்கும் கத்துச்சுன்னா தொடப்பத்த எடுத்துருவேன்.”

எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெண் வந்துவிட்டது.

சுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறக்க வந்த ஒரு காலையில் பார்த்தேன். டிரம்முக்கு நேர் மேலே தொங்கிய கிளையில் பெரிய பெண் தவளை. அதன் முதுகில் நம்ம ஆள். பின்னங்கால்களால் பெண் கடைந்த வேகத்தில் இலையெல்லாம் வெள்ளை நுரை. டீ ஆற்றியே நரைத்தவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், என் டீயில் அப்படி நுரை நின்றதில்லை.

மலைக்கு ஆட்களைக் கூட்டி வரும் கமலநாதன்தான் விளக்கினார். முட்டைகள் நுரைக்குள்ளே இருக்குமாம். குஞ்சுகள் அந்த ஈரத்திலேயே வளர்ந்து, நல்ல மழை வந்தால் நுரை கரைய, கீழே உள்ள தண்ணீரில் விழுமாம். மலையில் அதற்குப் பாறைக்குழி, இங்கே எங்கள் டிரம். அன்றிலிருந்து நான் காலையும் மாலையும் மரத்தடிக்குப் போய் வந்தேன்.

“புள்ளத்தாச்சியப் பாத்துட்டு வந்தாச்சா?” என்று மீரா கேலி செய்வாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து திரும்பியபோது மேகம் மலை உச்சியை மூடியிருந்தது. மீரா பின்பக்கமிருந்து வந்தாள், கையில் காலிப் பொட்டலம்.

“அலமாக், டிரம்முல ஒரே புழுவுங்க. கொசு மருந்து போட்டுட்டேன்.”

போன வருஷம் பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழுவைக் கண்டு சுகாதார அதிகாரிகள் எச்சரித்துவிட்டுப் போனதிலிருந்து, தேங்கின தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மணல் போன்ற அந்த மருந்தைத் தூவிவிட்டுத்தான் மறுவேலை. நான் கிளையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நுரையின் அடிப்பக்கம் இளகி, உள்ளே சின்னச்சின்னக் கரும்புள்ளிகள் துடித்தன.

“இன்னும் விழலதானே?”

“மழை வந்தா விழும்.”

“தவளையக் கொல்லக் கூடாதுன்னு ஓதிக் குடுத்திருக்காங்களே.” அவள் குரல் இறங்கிவிட்டது. “நான் வேணும்னு செய்யலங்க.”

“தெரியும், மீரா.”

டிரம்மை உருட்டி அப்பால் தள்ளினோம். எவ்வளவு கழுவினாலும் அதில் மருந்து போகுமென்று நம்பிக்கை வரவில்லை. வாளியை வைத்துப் பார்த்தோம். காற்றில் கிளை ஆட ஆட, நுரை வாளிக்கு வெளியே போய்ப் போய் வந்தது. இடி இடித்தது. மீரா உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தேக்சா.

“அது வேணாம்மா. ஞாயித்துக்கெழம கமலநாதன் பிரியாணி கேட்டிருக்காரு.”

“ஒரு பக்கம் பிடிங்க,” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பாத்திரத்தில் என் கை பட்டது அன்றுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்குமென்று பக்கத்து ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினோம். பாதி நிறைவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நுரை சரிந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. குஞ்சுகள் அடியில் அசையாமல் கிடந்தன. முக்காட்டிலிருந்து தண்ணீர் வடிய, மீரா குனிந்தபடியே நின்றாள். பிறகு ஒன்று வாலை ஆட்டியது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தேக்சா முழுக்க ஓட்டம். அவள் அழுதுவிட்டாள். அப்போது அவள் மேல் எனக்கு வந்த பிரியம் நிக்காஹ் அன்றுகூட வந்திருக்காது.

“நாளைக்கு வேற எதுலயாவது மாத்திட்டு, இதக் கழுவித் தந்துடறேன்,” என்றேன்.

“சும்மா இருங்க. உங்க டீக் கைய அதுல விடாதீங்க.”

தேக்சாவில் கொசுப்புழு வந்தால் அரித்தெடுக்கவென்று மறுநாளே என் டீ வடிகட்டி பறிபோனது.

ஞாயிற்றுக்கிழமை கமலநாதன் தன் கூட்டத்தோடு பசியாக மலையிறங்கி வந்தார். “அக்கா, பிரியாணி வாசமே காணோம்?”

மீரா குஞ்சுகளுக்காகக் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தேக்சாவுல ஆள் இருக்கு, தம்பி. கால் மொளச்சு எறங்கட்டும், அப்புறம் பாக்கலாம் லா.”

நான் மீ கோரேங் நூடுல்ஸ் கிளற அடுத்த அடுப்பைப் பற்ற வைத்தேன்.