பொன்னப்பன் காரின் எஸ்டிமேட்

பொன்னப்பன் முதலாளியின் கார் எஞ்சின் தட்டத் தொடங்கிவிட்டது என்று கேட்ட அன்று, உதியன்குளங்கரை மெக்கானிக் செல்லையன் இரண்டு டீ வாங்கிக் குடித்தான். ஒரு வருடமாக அவன் இதற்குத்தான் காத்திருந்தான்.

தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் அவன் தம்பி சதானந்தன் கொடி பிடித்துப் போனான். எங்கிருந்தோ ஒரு கல் வந்து போலீஸ்காரர் மேல் விழுந்தது. அந்த வழியாக வந்த பொன்னப்பன் காரை விட்டு இறங்காமலே சதானந்தனைக் கைநீட்டிக் காட்டினார். லாக்கப்பில் உடைந்த இடது கால் கோணலாகத்தான் கூடியது. வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்குச் சாட்சி பொன்னப்பன் ஒருவர்தான்.

கார் அவருடைய அப்பா இருபத்தைந்து வருடம் முன்பு வாங்கியது. மகள் விலாசினியைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு அதைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். திருவனந்தபுரத்தில் எல்லோரும் கைவிரித்த பிறகு, வேறு வழியில்லாமல் செல்லையனிடம் வந்தார். சிலிண்டர் கடைய, புது பிஸ்டன் போட, பேரிங் உருக்கி ஊற்ற எல்லாமாகத் தொள்ளாயிரம் ரூபாய் என்றான் செல்லையன். ஒரு தோப்பு வாங்கும் காசு. முதலாளி முகம் சுண்டினாலும் சம்மதித்தார்.

செல்லையனின் மனைவி ரெபேக்காள் பயந்துபோனாள். எஞ்சினுக்குள் மண்ணை அள்ளிப் போட்டுவிடுவானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"வேலையில சதி செய்யப்பிடாது, கேட்டியளா."

"சதி எதுக்கு? நல்லாவே செய்வேன்" என்றான்.

சொன்னபடியே செய்தான். ஒரு நூல் பிசகவில்லை. காரைக் கொடுக்கும்போது டீக்கடையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, புது பிஸ்டன் இறுக்கமாக இருக்கும், முதல் ஐந்நூறு மைலுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மீறினால் எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிடும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். பத்துப் பேர் முன்னால் தன் வாயிலிருந்து வரும் புத்தியை அந்த மனிதர் ஜென்மத்துக்கும் கேட்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னை வண்டி ஓட்டான் படிப்பிக்கண்டா" என்று, இவனா எனக்கு ஓட்டக் கற்றுத் தருவது என்பதுபோல, பொன்னப்பன் சிரித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று புறப்படத் தாமதமாகிவிட்டது. நெய்யாற்றின்கரையில் முகூர்த்தம். பொன்னப்பன் தானே ஓட்டினார், ஐம்பதில். உதியன்குளங்கரை முக்கில், செல்லையனின் கொட்டகைக்கு இருபதடி முன்னால், எஞ்சின் ஒரு முனகலோடு இறுகி நின்றது. பட்டும் நகையுமாக விலாசினி பஸ் ஏறிப் போனாள். அந்தப் பெண்ணைப் பார்க்கச் செல்லையனுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தபோது அதுவும் போய்விட்டது.

கார் கொட்டகைக்குள் போனது. சம்பந்தி வீட்டார் கார் எங்கே என்று தினமும் ஆள் விட்டார்கள். பொன்னப்பன் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. எஸ்டிமேட் கேட்டு வந்தார்.

"திங்கக்கெழம கோர்ட்டுல நெசத்தச் சொல்லுங்க மொதலாளி. எஸ்டிமேட்டு அதுக்குப் பொறவாக்கும்."

திங்கட்கிழமை பொன்னப்பன் கூண்டில் ஏறி, கல்லெறிந்தவனைத் தான் பார்க்கவே இல்லை என்று சொன்னார். சதானந்தன் விடுதலையானான்.

கோர்ட்டிலிருந்து அவர் நேரே கொட்டகைக்கு வந்தார். செல்லையன் காகிதம் எடுத்து எழுதினான். பிஸ்டன் நான்கு, ரிங் ஒரு செட், பேரிங். எழுதி முடித்து நீட்டினான். கடைசி வரியைப் பொன்னப்பன் இரண்டு முறை படித்தார். சதானந்தனுக்கு இடது கால் ஒன்று.

"இது எவிடே கிட்டும்?" எங்கே கிடைக்கும் என்று அந்த வரியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"கெடைச்ச அன்னைக்குக் கொண்டு வாங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாட்டித் தாறேன்."

கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. சாயங்காலங்களில் சதானந்தன் கம்பூன்றி வந்து, அதன் கால்படியில் உட்கார்ந்து, கோணல் காலை ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொள்வான்.