மலைப்புலி எரித்த விறகு

தன்னைத்தானே மலைப்புலி என்று சொல்லிக்கொள்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். என் தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. "ஒரு நாள் பழகிப் பார்க்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் அவ சரின்னுட்டா மண்டபம் பேசிடலாம்" என்று அம்மா எங்களை அவரோடு மலையேற அனுப்பிவிட்டாள். எனக்குத் தனி உத்தரவு: "நீ துணைக்குத்தான் போற. உன் திருவாயைத் திறக்காதே."

நான் பஸ் கண்டக்டர். மீசை முளைத்த பிள்ளைக்கு அரை டிக்கெட் கேட்கிறவர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவள். புளுகு எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் நடந்தேன். தங்கைக்கு முப்பத்தொன்று. இதுவும் தட்டிப்போனால் பழி என் தலையில்தான் விழும்.

ஓடைக்குக் குறுக்கே நல்ல பாலம் ஒன்று இருந்தது. மலைப்புலி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பாலமெல்லாம் டூரிஸ்டுங்களுக்கு. இந்த மலை எனக்கு அத்துப்படி" என்று எங்களைத் தண்ணீருக்குள் இறக்கினார். தங்கை கெண்டைக்கால்வரை நனைந்தாள். மாப்பிள்ளைத் துரை முட்டிவரை பூட்ஸ் போட்டிருந்தார், அவர் நனையவில்லை.

இருட்டும் நேரத்தில் உச்சிக்குக் கீழே இருந்த தங்கும் குடிசையை அடைந்தோம். ஒரே அறை. நடுவில் இரும்பு அடுப்பு, பக்கத்தில் பெரிய விறகுப்பெட்டி. கதவில் யாரோ எழுதி அடித்திருந்தார்கள்: 'எரித்த அளவு வெட்டி வைத்துவிட்டுப் போகவும். அடுத்து வருகிறவர் நனைந்து வரலாம்.'

பெட்டியைத் திறந்தேன். சிராய்கூட இல்லை.

"எந்தப் பய பண்ணின வேலை இது?" என்று மலைப்புலி உறுமினார். "அடுத்தவனைப் பத்தி நினைக்காத ஜென்மங்க! இவனுங்களை மலையில காலே வைக்க விடக்கூடாது." கால்மணி நேரம் திட்டினார். தங்கை மூலையில் உட்கார்ந்திருந்தாள், அவள் பற்கள் தந்தியடித்தன. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வெளியே போய் ஈரச் சுள்ளி கொஞ்சம் பொறுக்கி வந்தேன். மலைப்புலி பாதித் தீப்பெட்டியைக் காலி செய்துவிட்டு, "தீக்குச்சி சரியில்லை" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கையின் காலுறையைக் கழற்றிப் பாதங்களை என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டும் ஐஸ். எனக்குப் பயமாகவே இருந்தது.

"சும்மா இருந்தா இன்னும் குளிருதுக்கா" என்று ஆணியில் தொங்கிய நோட்டை அவள் எடுத்தாள். தங்குகிறவர்கள் எழுதிவைக்கிற நோட்டு. டார்ச் வெளிச்சத்தில் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"'விடிய விடிய நெருப்பு! சட்டையைக் கழற்றிப் போட்டு ஆடினோம். பெட்டி காலி! இப்படிக்கு, மலைப்புலி.' போன மாசத் தேதி போட்டிருக்கு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கையெழுத்தும் போட்டிருந்தது.

"அது வந்து... பசங்க வெட்டி வெக்கிறேன்னானுங்க. நான் முன்னாடியே இறங்கிட்டேன்" என்று அசடு வழிந்தார்.

"பரவாயில்லைங்க" என்றாள் தங்கை.

மனசுக்குள் அவளைத் திட்டினேன். அடிப் பைத்தியமே, இதையுமா பரவாயில்லை என்பாய்? நாளைக்கும் இதே வாயால் சரி என்றுவிடுவாளோ? நான் விடியும்வரை கண்ணை மூடவில்லை. மாப்பிள்ளை தன் தடித்த தூக்கப் பைக்குள் குறட்டை விட்டார்.

காலையில் தங்கை சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு விறைத்த காலோடு நொண்டியபடியே வெளியே போனாள். விழுந்து கிடந்த மரத்தை இருவரும் அறுத்தோம். உள்ளங்கை கொப்பளித்தது. பெட்டி பாதி நிறைந்தபோது மலைப்புலி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எதுக்குங்க இந்த வேலை? நாம எரிக்கவே இல்லையே. யாரு வந்து பாக்கப்போறா? சாயங்காலம் மண்டபம் வேற பேசணும்."

தங்கை கையிலிருந்த கட்டையைப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"மண்டபம் வேணாங்க" என்றாள். "நாங்க இதை முடிச்சிட்டுப் பாலத்து வழியா வர்றோம். நீங்க உங்க வழியில போங்க."

அம்மா கேட்டால் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நான் வாயே திறக்கவில்லை.