பம்பில் சிக்கிய கடல் அட்டை

நுஃமான் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். 2006இல், வாடிக்கையாளரான வெள்ளைக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது தன் கடல்நீர்த் தொட்டியை உயிர்களோடு அப்படியே அவனிடம் விட்டுப்போனார். அந்த வருடம்தான் அவன் மனைவி சப்ரீனா கீழக்கரையிலிருந்து அபுதாபிக்கு வந்து சேர்ந்தாள்.

ஆறாவது மாடி ஃபிளாட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பாள். தொட்டி மீன்களைப் பார்த்தால் படபடப்பு கூடத்தான் செய்தது. அவையும் ஓயாமல் அலைந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும் நத்தை, அடுத்த பாறைக்குப் போக அரைநாள் எடுக்கும் நட்சத்திர மீன், வெள்ளரிக்காய்போல நீண்டு, மணலை விழுங்கி மணலையே கழிக்கும் கறுத்த கடல் அட்டை, இவற்றின் முன்னால் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகும். அதிலும் அட்டைதான் அவளுக்குச் செல்லம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அட்டையைக் காணவில்லை. மூன்று தடவை தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். அப்போதுதான் பால்கனியில் காயும் பஞ்சு கண்ணில் பட்டது. தொட்டி நீரை உறிஞ்சும் பம்பின் வாயில் இருக்க வேண்டியது. காலையில் கழுவியவள் திரும்ப மாட்டவில்லை. நுஃமானுக்குப் போன் போட்டாள்.

“மச்சான், அட்டையக் காணோம்.”

“பாறைக்குப் பின்னாடி கெடக்கும். கடையில ஆள் நிக்குது, பொறவு பேசுறேன்.”

“பம்புப் பஞ்ச மாட்ட மறந்துட்டேன், மச்சான்.”

“யா அல்லாஹ்! முதல்ல பிளக்கைப் புடுங்கு. அட்டையப் புடிச்சு இழுத்துடாத. கிழிஞ்சா விஷத்தக் கக்கிடும், ஒரு மீன் மிஞ்சாது. அதுவா வெளிய வரட்டும். நான் வாறேன்.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். பாறைக்குப் பின்னால், நனைந்த தோல் மாதிரி ஒன்று பம்பின் வாயில் பாதி நுழைந்து கிடந்தது. இழுத்துவிடலாம் என்று விரல்கள் துறுதுறுத்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

பம்பு நின்றதால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீரில் காற்றுக் கலக்கட்டும் என்று சப்ரீனா குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். மொண்டாள், ஊற்றினாள். தோள் கடுத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அட்டை அசையவில்லை. பிறகு விரலளவு விரலளவாகப் பின்வாங்கி மணலில் விழுந்தது. விலாவில் காயம். அதைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டு வாளியில் விட்டாள். நுஃமான் ஓடிவந்து பாதித் தண்ணீரை மாற்றினான். அப்படியும் மறுநாள் ஒரு மஞ்சள் மீன் செத்து மிதந்தது. அட்டை பிழைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் கௌஸ் முகம்மது நடந்ததைக் கேட்டுவிட்டு, “அந்த அட்டை இனி வேணாம் தம்பி. கொண்டாங்க, பதிலுக்கு நல்ல மீனா தாறேன்” என்றார்.

நுஃமான் தலையாட்டப் போனான்.

“அட்டை இருக்கட்டும். மீனுங்கள எடுத்துக்கிடுங்க” என்றாள் சப்ரீனா.

நுஃமான் அவளைத் திரும்பிப் பார்த்தான். வந்த நாளிலிருந்து அவள் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னதே இல்லை. “அவ சொல்றபடியே செய்ங்க, காக்கா” என்றான் கடைக்காரரிடம்.

மீன்கள் போயின. ஜன்னலுக்கும் கதவுக்குமான அவளுடைய நடை அதனால் நின்றுவிடவில்லை. ஆனால் அடுத்த மாதம், கணவனிடம் சொல்லிவிட்டு, தனியாக டாக்சி பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போய் நடந்தாள்.