காலித் தொட்டிக்கு ஒன்பது டிக்

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் அக்காவுக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர். பதினோரு ஆண்டுகளாக அங்கே தேர்வாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவர் செய்யும் பிழைகளை வாய் திறக்காமல் குறித்துக்கொள்வதுதான் வேலை. ஒருமுறை குறித்ததை அவள் அடித்துத் திருத்தியதில்லை. கெஞ்சியவர்கள், அழுதவர்கள், அடுத்த மாதம் கல்யாணம் என்று பத்திரிகையை நீட்டியவர்கள், யாருக்கும் அந்தப் பேனா இரங்கியதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். சமைப்பது, கழுவுவது, துடைப்பது எல்லாம் தங்கை. சாப்பிடுவதும் மதிப்பெண் போடுவதும் அக்கா. "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். கேரட்டுல பாதி வெந்திருக்கு, பாதி நறுக்குனு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள். தங்கை ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பகல் முழுக்க மற்றவர்களிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத் தொட்டிக்கு முன்னால் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல ஒரு ரூம் பாத்திருக்கேன். ரெண்டு ஜன்னல். மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம்."

"யாருக்கு ரூம்?"

"எனக்குத்தான்."

அக்கா சிரித்தாள். பெட்டிகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏன்டி, இந்த வீட்டுல என்ன குறை?"

"அந்த ரூம்ல தொட்டில என் பாத்திரம் மட்டும் கிடக்கும். என் கேரட்டை நான் மட்டும் சாப்பிடுவேன். பாதி வெந்தா என்ன, முழுசா வெந்தா என்ன?"

பெற்றோர் போனபின் ஏழு ஆண்டுகளாக இருவரும்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டில். அலுவலகத்தில் நாளெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு வரும் அக்காவுக்கு, பேச உலகத்தில் இருந்தது இந்த ஓர் ஆள்தான். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒரு மாசம் டைம் குடு. சமையலைக் கத்துக்கறேன். எனக்கு நானே இலக்கு வெச்சுக்கறேன்" என்றாள்.

அன்று மாலையே இலக்குகள் தயார். நாற்பத்திரண்டு. 'அடுப்பு பற்றவைக்கும் முன்', 'எரியும்போது', 'அணைத்த பின்' என்று மூன்று பிரிவுகள், ஒவ்வோர் இலக்குக்கும் எதிரே சிறு கட்டம்.

தங்கை படித்தாள். "இருபத்தொன்பது. மூடியைத் திறக்கும் முன் இருபுறமும் கவனித்தல். ஏன்க்கா, லாரி வருமா?"

"ஆவி வரும்டி."

"முப்பத்தாறு. கிளறும் திசையை மாற்றும் முன் உடனிருப்பவருக்குத் தெரிவித்தல்." தங்கை தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் மூன்றே வரி எழுதினாள். "வாரத்துக்கு மூணு நாள் நீ சமைக்கணும். வெட்ட வேண்டியதெல்லாம் வெட்டி முடிச்ச பிறகுதான் அடுப்பைப் பத்த வைக்கணும். படுக்கப் போறதுக்கு முன்னாடி தினமும் தொட்டி காலியா இருக்கணும். நான் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சுப் பாப்பேன். காலியா இருந்தா டிக். இருபத்தெட்டு நாள்ல இருபது டிக் வேணும்."

"இருபதுன்னா கொஞ்சம் தாராளம்தான்" என்றாள் அக்கா, பழக்கதோஷத்தில்.

மூன்று வரிப் பக்கம் வெளியே தெரியும்படி தாள் குளிர்பெட்டிக் கதவில் ஏறியது.

முதல் இரண்டு இலக்குகள் தடுக்கி விழுந்து, எழுந்து, ஓடத் தொடங்கின. முதல் நாள் எண்ணெயைக் காயவைத்துவிட்டு வெங்காயத்தைத் தேடிப் போனாள். திரும்புவதற்குள் சமையலறை புகையால் நிரம்பி, எதிர்வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு கதவைத் தட்டினார். சூடான எண்ணெய் சிவப்பு விளக்கில் காத்து நிற்காது என்று அவளுக்குப் புரிந்தது. இரண்டாவது வாரத்தில் பீன்ஸ் ஒரே நீளத்தில் விழுந்தது. தங்கை ஒருநாள் சூப்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். அக்கா அன்று மாடிப்படியில் பாடிக்கொண்டே இறங்கினாள்.

மூன்றாவது இலக்குதான் கழுத்தறுத்தது. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்கள் அவளைப் பார்க்கும், அவள் பாத்திரங்களைப் பார்ப்பாள், யாரும் முதல் அடி எடுத்துவைக்க மாட்டார்கள். முதல் பத்து நாளில் ஆறு டிக்தான் தேறியது.

பதினோராம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தாளில் இருப்பது 'தொட்டி காலியாக இருக்கணும்' என்பதுதானே? தேர்வு நடக்கும் இடம் தொட்டி. அங்கே பிழை இல்லாவிட்டால் பிழையே இல்லை. தேர்வுக்கான அலுவலகக் காரை அவள்தான் வீட்டுக்கு எடுத்து வருவாள். தங்கை படுத்ததும் அழுக்குப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கி, கீழே இறங்கி, கார் டிக்கியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் மதியம் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த குழாயில் கழுவி, மாலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். காலையில் தங்கை எழுந்தபோது தொட்டி கண்ணாடிபோல் இருந்தது. டிக்.

ஒன்பது நாள் இப்படி ஓடியது. ஒன்பது டிக்.

"குக்கர் எங்கக்கா?" என்று தங்கை ஒருநாள் கேட்டாள்.

"கேஸ்கட் மாத்தக் குடுத்திருக்கேன்."

"பரவால்லயே, அதெல்லாம் கவனிக்கற!" என்றாள் தங்கை. அந்தப் பாராட்டு அக்காவின் தொண்டையில் மீன்முள்ளாய்ச் சிக்கியது. ஆனாலும் இறங்கிவிட்டது.

இருபதாம் நாள் மதியம், குழாயடிக்குப் போக நேரம் இல்லை. நான்காம் முறையாகத் தேர்வுக்கு வந்திருந்தார் ஒரு தையல்காரர். முதல் மூன்று முறையும் அவரைத் தோல்வியடையச் செய்தது இதே பேனா. கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்து உட்கார்ந்தார். ஆனால் அன்று அருமையாக ஓட்டினார். திருப்பங்கள் நூல் கோர்த்ததுபோல் இருந்தன. கடைசியில் திடீர் நிறுத்தம். அக்கா அட்டையால் முன்பலகையைத் தட்டினாள். அவர் பிரேக்கை அழுத்தினார்.

கார் நின்றது. பின்னால் ஓர் உலோகப் பிரளயம். குக்கர் உருண்டு, வாணலியில் மோதி, மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று, கடைசியில் ஒரு கரண்டி தனியாக டிங் என்று விழுந்தது.

"ஐயோ மேடம், யாரையோ இடிச்சுட்டேன்!" தையல்காரர் கதவைத் திறந்து கீழே குதித்தார். கைப்பிரேக் போடவில்லை. கார் மெதுவாக நகர, அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். அவர் சாலையில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

"கீழ யாரும் இல்லை, எந்திரிங்க. சத்தம் டிக்கில."

திறந்து காட்ட வேண்டியதாயிற்று. நேற்றைய பீன்ஸ் சூப் குக்கரின் அடியில் காய்ந்து, மூடி தனியாக, எல்லாம் அலங்கோலமாகக் கிடந்தது. தையல்காரர் குனிந்து குக்கருக்குள் எட்டிப் பார்த்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். சோத்துப் பானையையே காருல மறைச்சு இப்பதான் பாக்கறேன்."

"வீட்டுல ஒரு பரீட்சை" என்றாள் அக்கா.

"நீங்களும் எழுதறீங்களா?" அவர் முகத்தில் ஓர் ஆனந்தம் பரவியது. அதை மறைக்க அவர் முயலவே இல்லை. பிறகு சட்டென்று வாடினார். "நான் கைப்பிரேக் போடாம இறங்கிட்டேன் இல்ல?"

ஆமாம். அது நேரடித் தோல்வி. அக்கா இருக்கையில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் சிவப்புக் கோடு போட்டுவிட்டாள், கை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு வரி. அதில் என்ன எழுதுவது? ஆள் இறங்கியது சத்தத்தால். சத்தம் குக்கரால். குக்கர் யாரால்? பேனா காகிதத்தின் மேல் நின்றது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அக்கா கோட்டை அடித்தாள், பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"ஏறுங்க. திடீர் நிறுத்தம் மட்டும் இன்னொரு தடவை."

"பாத்திரம்?"

"மடில வெச்சுக்கறேன்."

வாணலியும் மூடிகளும் காலடியில், குக்கர் மடியில், குக்கருக்கு மேல் அட்டை. அப்படித்தான் அந்தத் தேர்வு நடந்து முடிந்தது. தையல்காரர் தேறினார்.

மாலை தங்கை வீட்டுக்கு வந்தபோது அக்கா குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். தாளில் ஒன்பது டிக்குகள் சிவப்பால் அடிக்கப்பட்டிருந்தன. தரையில் கூடை.

"என்னக்கா இது?"

அக்கா சொன்னாள். டிக்கி, குழாயடி, கேஸ்கட், தையல்காரர், ஒன்றும் விடாமல். சாட்சிக் கூண்டில் நிற்கிறவள்போல் நேராகப் பார்த்துச் சொன்னாள். தங்கைக்கு நடுவில் சிரிப்பு வந்தது, அதை அடக்கினாள், கோபம் வந்தது, அதை அடக்கவில்லை.

"ஒன்பது நாள்! கீழ இறங்கி, மூணு மாடி, திரும்ப ஏறி! அந்த நேரத்துல ரெண்டு தடவை கழுவியிருக்கலாமே!"

"அது எனக்கும் இன்னிக்குத்தான் தோணுச்சு."

"இப்ப எத்தனை டிக் இருக்கு?"

"ஆறு. இன்னிக்கு ராத்திரியும் சேத்து இன்னும் ஒன்பது நாள்தான். எல்லா நாளும் கழுவினாலும் பதினஞ்சு. வராது." அக்கா கூடையைப் பார்த்தாள். "நீ போகலாம். பெட்டிய நான் கட்டித் தரேன்."

தங்கை சிவப்பால் அடித்த டிக்குகளை ஒருமுறை விரலால் தடவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது. "இல்லீங்க... ரூம் நல்லாத்தான் இருந்துச்சு... வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தங்கை உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் காரமாக இருந்தது. "ரெண்டு ஜன்னல்க்கா. ரெண்டு! ஒண்ணுல காலை வெயில், ஒண்ணுல மரம். நீ என்ன பண்ணுவியோ தெரியாது, அதுக்கு ஈடு பண்ணணும்."

"பண்றேன்."

"பசிக்குது."

அன்று சமையல் அக்காவின் முறை இல்லை. இருந்தாலும் எழுந்தாள். வெங்காயத்தை வெட்டினாள், தக்காளியை வெட்டினாள், பிறகு அடுப்பைப் பற்றவைத்து நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றினாள். ஒரு முட்டையின் ஓடு உள்ளே விழுந்தது, விரலால் துரத்திப் பிடித்தாள். தங்கை தட்டுகளை எடுக்கக் கை நீட்டினாள்.

"தட்டு எதுக்குடி? ரெண்டு ஸ்பூன் எடு."

வாணலியை நடுவில் வைத்து, இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஓரத்திலிருந்து சாப்பிட்டு நடுவுக்கு வந்தார்கள். நடுவில் கொஞ்சம் கருகியிருந்தது. அந்தப் பகுதிக்காகத்தான் இருவரும் சண்டை போட்டார்கள்.